பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி? பதின்ம வயதுத் தற்கொலையைத் தடுக்க ஒரு தொடக்க வழிகாட்டி

1935-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார், பணிக்கு வந்த புதிதில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்த வேண்டி வந்தது. அவளுக்கு முதல் மாதவிடாய் வந்திருந்தது. அது என்னவென்று சொல்லித்தர ஆளில்லை. வெளியே சொல்லக்கூடாத நோய் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து உயிரை விட்டிருந்தாள். வாராவால் அவளை மறக்கவே முடியவில்லை. 18 ஆண்டுகள் கழித்து, 1953-இல், லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் கூப்பிடலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது.

பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அந்தச் சிறுமியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அவளும் பதில் சொல்லியிருந்தால், பத்து நிமிடத்தில் அந்தப் பயம் தீர்ந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளின் வலியும் பத்து நிமிடத்தில் தீராது. ஆனால் கேட்க ஒருவர் இல்லாமல் தனியாகக் கிடந்து பெரிதாகும் வலிதான் எல்லாக் கதையிலும் இருக்கிறது.

பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், அண்ணன், அக்கா என்று பதின்ம வயதுப் பிள்ளையோடு பழகும் யாருக்கும் இது உதவும். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒருவேளை அந்த எண்ணம் உங்களுக்கே இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே போய், "நான் தனியா இருக்க முடியல, கூட இருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். யாரும் இல்லை என்றால் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14. வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள அவசர உதவி எண் போதும். உங்களைத் திட்டுவதற்காக யாரும் அந்த எண்களில் உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் வேலை: சில பழைய நம்பிக்கைகளை விட வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு இது மூன்றாவது பெரிய காரணம். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே வருவதில்லை. பேசாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணங்கள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"அதைப் பத்திப் பேசினா, இல்லாத எண்ணத்தை நாமே போட்டு விட்ட மாதிரி ஆயிடும்." எனக்கு அதிகம் வரும் பயம் இதுதான். 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பாதிப் பேரிடம் தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் முன்பு முயன்றிருந்தவர்களும், கேட்கப்பட்ட பிறகு சற்று லேசாகவே இருந்தார்கள். அதன் பின் வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆக, நேராகக் கேட்பதால் ஆபத்து கூடாது.

"சொல்றவன் செய்யமாட்டான்" என்பது இன்னொன்று. உண்மை நேர்மாறானது. இறந்தவர்களில் பலர் அதற்கு முன் ஏதோ ஒரு விதத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை போலவும், கோபத்தோடும், பாதி வாக்கியத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

"சும்மா எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னு பண்றா." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். உயிரைப் பணயம் வைத்தால்தான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒரு பிள்ளை நினைக்கிறாள் என்றால், அவளுக்கு எவ்வளவு கவனிப்பு தேவைப்படுகிறது? அந்தக் கவனிப்பைக் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தற்கொலை என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அதனால்தான் முயன்று பிழைத்த பிள்ளையைக் குற்றம் செய்துவிட்டு வந்தவனைப் போல விசாரிக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். பேச்சில் "கோழை", "துணிஞ்சவன்", "நல்லவேளை தோத்துட்டான்" போன்ற சொற்களை அறவே விட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், தற்கொலையின் மையத்தில் இருப்பது தாங்க முடியாத மனவலி என்றார். அவர் அனுபவத்தில் முக்கியமான கேள்விகள் இரண்டுதான்: எங்கே வலிக்கிறது? நான் எப்படி உதவலாம்? சாக விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும், "இப்படி வாழப் பிடிக்கல" என்பதில் வந்து நிற்பார்கள். அந்த "இப்படி" மாறினால் போதும் என்ற ஆசை உள்ளே இன்னும் இருக்கிறது. சாக வேண்டும் என்பதும் வாழ வேண்டும் என்பதும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது கயிற்றை.

வலியோடு இன்னும் இரண்டு எண்ணங்கள் சேரும்போது ஆபத்து கூடுகிறது என்று தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் விளக்கினார். எனக்கென்று யாரும் இல்லை என்பது ஒன்று. நான் மற்றவர்களுக்குச் சுமை என்பது மற்றொன்று. இந்தச் சுமை எண்ணத்தைக் காதில் வாங்கப் பழகுங்கள். "எனக்காக எவ்வளவு செலவு பண்றீங்க", "நான் இல்லன்னா உங்களுக்குச் சண்டையே இருக்காது", "என்னாலதான் எல்லாம்" என்று பிள்ளை சொல்லும்போது, பணிவாகவோ பொறுப்பாகவோ பேசுவதுபோல் நமக்குத் தோன்றும். சில நேரம் அது, நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்ற கணக்கின் கடைசி வரி.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு. உணர்ச்சிகள் பதின்ம வயதில் முழு வேகத்தில் வந்துவிடுகின்றன. நிதானித்து யோசிக்கவும், விளைவை எடைபோடவும், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. "ஒரு மாசம் போனா சரியாயிடும்" என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் பல மாதங்கள் போய்ச் சரியானதை நாம் பார்த்திருக்கிறோம். 15 வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இன்னும் சேரவில்லை. இன்று வகுப்பில் பட்ட அவமானம் அவனுக்கு வாழ்க்கை முழுவதற்குமான அவமானம்.

ஒரு பிள்ளை இறந்துவிட்டால், தேர்வில் தோல்வி, காதல், கைபேசியைப் பிடுங்கியது என்று ஒற்றைக் காரணம் தேடுகிறோம். அவை கடைசியாக நடந்தவை, அவ்வளவுதான். அவற்றுக்குப் பின்னால் மனச்சோர்வு, வீட்டில் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், சக மாணவர்களின் கேலி, நெருங்கியவரின் மரணம், தூக்கமின்மை, போதைப்பழக்கம், தன் பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ வெளியே சொல்ல முடியாத தனிமை என்று பல இழைகள் பின்னிக் கிடக்கும். முன்பு ஒரு முறை முயன்றிருந்தால் அந்தப் பிள்ளையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பெண் பிள்ளைகள் அதிகம் முயல்கிறார்கள், ஆண் பிள்ளைகள் அதிகம் இறக்கிறார்கள். "ஆம்பளைப் பையன் அழுவானா" என்று வளர்க்கப்பட்டவனிடம் அறிகுறி கண்ணீராக வராது, எரிச்சலாகத்தான் வரும்.

இரண்டாவது வேலை: மாற்றத்தைக் கவனிப்பது

எல்லாப் பதின்ம வயதுப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், முறைப்பார்கள், நேரம் கெட்ட நேரத்தில் தூங்குவார்கள். அதனால் குணத்தைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். இந்தப் பிள்ளை இரண்டு மூன்று வாரமாக முன்பிருந்த மாதிரி இல்லையே என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தத் தோன்றலை நம்புங்கள்.

தூக்கத்தை முதலில் பாருங்கள். விடிய விடிய விழித்திருப்பது, அல்லது நாள் முழுக்கக் கட்டிலைவிட்டு எழாமல் கிடப்பது. பிறகு, பிடித்ததை விட்டுவிடுவது. பந்தைத் தொடாத நாளே இல்லாத பையன் பந்தைத் தொடுவதில்லை. நண்பர்கள் குறைவது, மதிப்பெண் சரிவது, காரணமே இல்லாமல் வெடிப்பது, கையில் உள்ள காயங்களை மறைக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை. வலியைச் சமாளிக்கத் தெரியாமல் அப்படிச் செய்பவர்கள் நிறைய. ஆனாலும் அது பின்னால் வரும் ஆபத்தைக் கூட்டும். பார்த்தால் கத்தாதீர்கள், காயத்துக்கு மருந்து போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சில அறிகுறிகளைப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சாவைப் பற்றிப் பேசுவது, எழுதுவது, இணையத்தில் தேடுவது. விடைபெறுவது போல மன்னிப்புக் கேட்பது, நன்றி சொல்வது. தனக்குப் பிரியமான பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடுவது. வாரக்கணக்கில் இருண்டு கிடந்தவர் ஒரே நாளில் காரணமில்லாமல் அமைதியாகி, சிரித்துப் பேசுவது. இந்தக் கடைசி அறிகுறியில் நாம் ஏமாந்துபோவோம், ஏனென்றால் "அப்பாடா, சரியாயிட்டான்" என்று நம்பத்தான் நம் மனம் காத்திருக்கிறது. மெல்ல மெல்லத் தேறுவதும் இப்படி ஒரே நாளில் மாறுவதும் ஒன்றில்லை.

ஒரு மாணவி தன் வண்ணப் பேனாக்கள் இருந்த டப்பாவை வகுப்புத் தோழியிடம் கொடுத்துவிட்டு, "இனிமே எனக்கு வேணாம், நீ நல்லா வரைவே" என்றாள். யாரும் தொடக்கூட விடமாட்டாள் அதை. தோழி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு இடைவேளையில் நேராக என் அறைக்கு வந்து, டப்பாவை மேசையில் வைத்தாள். "இதை ஏன் சார் கொடுத்தா?" அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த டப்பா அன்று சாயங்காலம் உரியவளிடமே திரும்பிப் போனது. அவள் அம்மாவும் நானும் அவளோடு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது வேலை: கேட்பது

கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைகள் பேசுகிறார்கள். சேர்ந்து நடக்கும்போது, வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு கட்டில் ஓரத்தில். உங்கள் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அவசரமாக எங்காவது கிளம்ப வேண்டிய நேரத்தில் தொடங்காதீர்கள்.

கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். 16 வயது மகனும் அம்மாவும் என்று வைத்துக்கொள்வோம்.

"ரெண்டு வாரமா நீ தூங்கவே இல்லடா. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல வெளிச்சம் தெரியுது. விளையாடவும் போறதில்ல. எனக்குக் கவலையா இருக்கு."

"ஒண்ணும் இல்லம்மா. விடு."

"சரி. ஒண்ணும் இல்லன்னாலும் நான் இங்கயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கேன்."

நீண்ட நேரம் பேச்சில்லை.

"ரொம்ப வெறுத்துப்போச்சும்மா."

"எதுன்னு சொல்ல முடியுமா?"

"எல்லாமே."

"இப்படி இருக்கும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைச் சுற்றி வளைக்கக் கூடாது. "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால், யோசிப்பதே தப்பு என்று சொன்னதாகிவிடும். "இல்ல" என்ற பதிலைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்காது. "அந்த மாதிரி" என்றும் மழுப்பாதீர்கள். சாவது, செத்துடலாம், தற்கொலை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் நிதானமாக வரும்போது, இவங்ககிட்ட இதைப் பேசலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நடுக்கம் வரும் என்றால் தனியாக இருக்கும்போது கண்ணாடி முன் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பழகினேன்.

"இல்ல" என்று பதில் வந்தால், "சரிடா. எப்ப தோணினாலும் என்கிட்ட சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன்" என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

நான்காவது வேலை: "ஆமா" என்று சொன்ன பிறகு

அந்த நொடியில் நெஞ்சு அடைக்கும். அழுகை வரலாம், வந்தால் தப்பில்லை. ஆனால் உங்கள் அழுகையை அவன் தேற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வாக்கியமாக, "சொன்னியே, அதுவே பெருசு. நான் உன் கூடவே இருக்கேன்" என்பது போதும்.

அப்புறம் கேட்பதுதான் வேலை. நம் நாக்கில் தயாராக நிற்கும் வாக்கியங்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று கேட்டால், அவன் வலி நன்றிகெட்டதனமாகிவிடும். "எங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்றால், ஏற்கெனவே சுமையென்று நினைப்பவன் தலையில் இன்னொரு சுமை. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாங்க பார்க்காததா?" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. கதைகள், அறிவுரைகள், கடவுள் தந்த உயிர் என்ற உபதேசம் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பதிலுக்கு அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "அப்ப, அவங்க முன்னாடி உன்னைப் பத்தி அப்படிச் சொன்னது இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு?" சரியாகப் பிடித்திருந்தால் மேலே சொல்வான், தப்பென்றால் திருத்துவான். இரண்டுமே நல்லது.

ஒன்றை மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்பார்கள். "தேவையில்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி கூப்பிடுவேன். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நேர்மையான பதில். முதலில் கோபம் வரும்தான். பின்னால் என்னிடம் வந்து நன்றி சொன்ன பிள்ளைகள் உண்டு.

ஐந்தாவது வேலை: எவ்வளவு அவசரம் என்று பார்ப்பது

எண்ணம் ஓடுவது வேறு, எப்படி, எப்போது என்று முடிவு செய்திருப்பது வேறு. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? எப்பன்னு நினைச்சிருக்கியா? அதுக்கு ஏதாவது எடுத்து வச்சிருக்கியா? இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்கியா? இப்ப இந்த நிமிஷம் தோணுதா?

இந்த நிமிடம் தோன்றுகிறது என்றால், அல்லது வழியும் நேரமும் முடிவாகியிருந்தால், அது அவசர மருத்துவம். நெஞ்சுவலி வந்தவரை எப்படி நடத்துவீர்களோ அப்படி. ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். குளியலறைக்குப் போனாலும் கதவைத் தாழிட விடாதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். ஏதாவது ஏற்கெனவே செய்துகொண்டதாகச் சொன்னால், பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவே கூடாது.

எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால், ஓரிரு நாளுக்குள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை கண் பார்வையிலேயே வைத்திருங்கள். அவன் சொல்வதில் எந்த வகை என்று தெரியவில்லையா? அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வேலை: வீட்டைப் பத்திரமாக்குவது

எல்லோரும் தவிர்க்கும் வேலை இது. நிறைய உயிர்களைக் காப்பாற்றும் வேலையும் இது. அந்த உச்சக்கட்ட வேகம் அலை மாதிரி எழுந்து அடங்கும். முயன்று பிழைத்த 13 முதல் 34 வயதுவரையான 153 பேரிடம் அமெரிக்காவில் கேட்டபோது, கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் இடையே 5 நிமிடம்கூட இல்லை என்றார்கள். அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் அலை அடங்கிவிடும். ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேடுவார்கள் என்று நினைக்கிறோம். அப்படித் தேடாதவர்களே அதிகம்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் (தாத்தா பாட்டியுடையவையும் சேர்த்து) பூட்டி வையுங்கள், தேவையான அளவை மட்டும் நீங்களே எடுத்துக்கொடுங்கள். பழையவற்றை அப்புறப்படுத்துங்கள். பூச்சிமருந்து, நச்சுப் பொருள்கள், மது, ஆயுதங்கள் எதுவும் கொஞ்ச காலத்துக்கு வீட்டில் இருக்கவே வேண்டாம். அவற்றை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை ஏதாவது குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிப்பதைவிட, "உன்னை நம்பாம இல்லடா, அந்த வேகம் வர்ற நேரத்தை நம்பல, அதான்" என்று சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

இலங்கையில் 1980-களில் தொடங்கி, ஆபத்து மிகுந்த பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. தற்கொலை விகிதம் அதன் உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஒரு நாடே செய்ய முடிந்ததை ஓர் அலமாரிப் பூட்டால் நம் வீட்டில் கொஞ்சம் செய்யலாம்.

ஏழாவது வேலை: ஒரு காகிதத்தில் எழுதுவது

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஆலோசகரோடு சேர்ந்து செய்வது நல்லது. அதுவரை நீங்களே பிள்ளையோடு உட்கார்ந்து தொடங்கலாம். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் வார்த்தைகளில் இருக்க வேண்டும்.

அந்த வேகம் வரப்போகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்பது முதல் கேள்வி. ஒரு பையன், "கை சில்லுன்னு ஆகும், போனைத் திறந்து திறந்து மூடுவேன்" என்று எழுதினான். அடுத்து, யாரும் இல்லாமல் நானே செய்யக்கூடியது என்ன? முகம் கழுவுவது, நடப்பது, குறிப்பிட்ட பாட்டு. அப்புறம், மனதைத் திருப்ப எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் உண்மையைச் சொல்லிக் கூப்பிடக்கூடிய இரண்டு மூன்று பேர், எண்களோடு. பிறகு மருத்துவர், உதவி எண், மருத்துவமனை. கடைசியாக, வீட்டில் எதையெல்லாம் தள்ளி வைத்திருக்கிறோம் என்பது. கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருட்டில் தேடும்போது அதுதான் கையில் இருக்கும்.

"இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடு" என்று கையெழுத்து வாங்குவது இதில்லை. அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. மறுபடி அந்த எண்ணம் வந்தால் வாக்கு மீறிவிட்டோமே என்று மறைக்கத்தான் செய்வார்கள்.

மருத்துவரிடம்

ஆலோசகரோடு பேசியே பெறும் மனநல சிகிச்சைகளில் பல இந்த வயதுக்கென்றே இருக்கின்றன. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய, பொங்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் இயங்கியல் நடத்தை சிகிச்சை (DBT), தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பதின்ம வயதினருக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பயப்படாதீர்கள். ஆனால் முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும், சில இளையவர்களுக்குப் படபடப்பும் இந்த எண்ணமும் கூடலாம். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது. அந்த நாள்களில் நெருக்கமாகக் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் பார்த்த ஆலோசகர் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். ஒருவர் ஒத்துவராததால் உதவியே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது.

நண்பனாக இருக்கும் பிள்ளைக்கு

பதின்ம வயதுப் பிள்ளை தன் வலியை முதலில் சொல்வது பெரும்பாலும் நண்பனிடம்தான். உன் நண்பன் நள்ளிரவில் உனக்கு அப்படி ஒரு செய்தி அனுப்பினால், அந்தச் சுமையை நீ தனியாகத் தூக்க வேண்டியதில்லை. நீ செய்ய வேண்டியது மூன்று. அவனோடு பேச்சை விடாமல் தொடர்வது. அந்தச் செய்தியை நம்பகமான ஒரு பெரியவரிடம் அன்றே காட்டுவது. அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் இன்னொருவரிடம் போவது. காட்டிக்கொடுத்ததாக அவன் கோபித்துக்கொண்டு பேசாமல் போகலாம். கோபத்தோடு உயிரோடு இருக்கட்டும். அந்த டப்பாவோடு என் அறைக்கு வந்த பெண்ணிடம் அவள் தோழி மூன்று மாதம் பேசவில்லை. இப்போது இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

பள்ளிகள் இதைப் பாடமாகவே நடத்தலாம். 10 ஐரோப்பிய நாடுகளில் 11,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. மனநலத்தைப் பற்றி மாணவர்களே பேசி நடித்துப் பழகும் ஒரு வகுப்பு, மொத்தம் சுமார் ஐந்து மணி நேரம்தான். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த வகுப்பில் இருந்தவர்களிடையே புதிய தற்கொலை முயற்சிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியாக இருந்தன.

வீடு திரும்பிய பிறகு

மருத்துவமனையிலிருந்து வந்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் திரும்பி வந்த முதல் சில வாரங்கள், முதல் மூன்று மாதங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், தொலைபேசி ஓய்ந்திருக்கும், பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும், யாருக்கு என்ன தெரியும் என்று தெரியாது. பள்ளிக்குத் திரும்பும் முன் பிள்ளையிடமே கேளுங்கள்: யார் கேட்டால் என்ன சொல்லணும்? வகுப்பில் திணறினால் யாரிடம் போகலாம்? முதல் வாரம் அரை நாள் போதுமா?

ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் எளிய காரியம் செய்தார். மருத்துவமனையிலிருந்து போன பிறகு தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேரில் பாதிப் பேருக்கு அவ்வப்போது சின்னக் கடிதங்கள் அனுப்பினார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும்போல் இருந்தால் எழுதுங்கள், அவ்வளவுதான். சிகிச்சைக்கு வரச்சொல்லும் வரியே இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

இதைப் படித்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை வீடு திரும்பிய நாளிலிருந்து கணக்குப் போட்டு, கைபேசி நாள்காட்டியில் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரம் ஒரு நாள், அப்புறம் மாதம் ஒரு நாள் என்று ஓராண்டுக்குக் குறித்துவையுங்கள். பெரியப்பாவோ சித்தியோ ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. அந்த நாள் வந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள். "எப்படி இருக்கே? உன் ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல."